வீட்டுக் கடன் தரகர் சங்கத்தின் குழுவில் ஆறு ஆண்டுகள்

சங்கத்தின் குழு வேலைக்கு நான் வந்தது கோபத்தில்தான். என் வாடிக்கையாளர் ஒருவரின் விண்ணப்பத்தை ஒரு வங்கி ஐந்து வாரம் கிடப்பில் போட்டுவிட்டது. கேட்கும்போதெல்லாம் இன்னொரு காகிதம் வேண்டும் என்றார்கள். கடைசியில் விற்பவர் பொறுமையிழந்து வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அன்று இரவே சங்கத்துக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மறுநாள் செயலாளர் போனில் அழைத்தார். "இதே புகாரை இன்னும் நான்கைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். கொள்கைக் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வருகிறீர்களா?" என்றார். சரி என்றேன். வேலை எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

எங்கள் தொழிலை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு வாங்குபவரின் வருமானம், கடன் வரலாறு எல்லாவற்றையும் பார்த்து, எந்த வங்கியில் எந்தக் கடன் அவருக்குப் பொருந்தும் என்று சொல்லி, விண்ணப்பத்தைத் தயாரித்து, பணம் கைக்கு வரும்வரை கூடவே நிற்பவர் தரகர். கூலி பெரும்பாலும் வங்கி தரும் கமிஷன்தான். அதுவும் கடன் முடிந்த பிறகே வரும். வாடிக்கையாளர் சீக்கிரமே வேறு வங்கிக்கு மாறிவிட்டால், கொடுத்த கமிஷனை வங்கி திருப்பி வாங்கிக்கொள்வதும் உண்டு. எங்களில் பலர் தனி ஆள், அல்லது இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு அலுவலகம். குழுவுக்குக் கொடுக்கும் ஒரு மணி நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. அந்த நேரத்தில் ஒரு ஃபைலை முடித்திருக்கலாம்.

சங்கத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் மிகச் சிலர். மற்ற எல்லாம் குழுக்களின் தலையில். கொள்கைக் குழு அரசிடமும் ஒழுங்குமுறை ஆணையத்திடமும் பேசும். அறநெறிக் குழு உறுப்பினர்கள் மீதான புகார்களை விசாரிக்கும். கல்விக் குழு வகுப்புகளை ஏற்பாடு செய்யும். மாநாட்டுக்கு ஒன்று, உறுப்பினர் சேர்க்கைக்கு ஒன்று. நான் நான்கு ஆண்டு கொள்கைக் குழுவிலும், இரண்டு ஆண்டு அறநெறிக் குழுவிலும் இருந்தேன்.

நான் சேர்ந்த சில மாதங்களில் ஆணையம் ஒரு வரைவு விதியை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கடனைப் பரிந்துரைக்கும்போதே, தனக்கு எவ்வளவு கமிஷன் வரும் என்பதைத் தரகர் வாடிக்கையாளருக்கு எழுத்தில் தர வேண்டும் என்பது அதன் சாரம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டத்தில் கடன் தொகையே உறுதியாகியிருக்காது. வீட்டின் மதிப்பீடு குறைவாக வந்தால் தொகை குறையும், சில சமயம் வங்கியே மாறும். அப்போது முதலில் எழுதிக் கொடுத்த எண் தவறாகிவிடும், வாடிக்கையாளருக்கு நம் மீது சந்தேகம் வரும். இதையெல்லாம் விளக்கிப் 14 பக்கம் எழுதினோம். 'நடைமுறைக்கு ஒவ்வாதது', 'தொழிலையே முடக்கிவிடும்' போன்ற வாக்கியங்களில் பலவற்றை எழுதியவன் நான்.

ஆணையத்தில் எங்களைச் சந்தித்த அதிகாரி முழுவதையும் படித்திருந்தார். அவர் கேட்டது மூன்றே கேள்விகள். பரிந்துரைத்த பிறகு எத்தனை ஃபைல்களில் தொகை மாறுகிறது? எவ்வளவு மாறுகிறது? அதனால் வாடிக்கையாளருக்கு என்ன ஆகிறது? நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் எல்லோருடைய அலுவலகத்திலும் அதற்கான விடை இருந்தது. யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. "இது உங்கள் கருத்து. எனக்கு நடந்தது வேண்டும்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. உதவி செய்யும் தொனியில்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் உறைத்தது.

திருத்திய வரைவு வந்தபோது எங்களுக்கு ஆறு வாரம் இருந்தது. இந்த முறை முதல் வாரத்திலேயே ஒரு பக்கப் படிவம் செய்தோம். ஐந்து கேள்விகள்: எந்த மாதம், கடன் தொகை எந்த வரம்புக்குள், பரிந்துரைக்கும் ஒப்புதலுக்கும் நடுவே என்ன மாறியது, ஏன், எத்தனை நாள் ஆனது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, வேலை செய்யும் இடம் எதுவும் கூடாது என்று மேலேயே பெரிய எழுத்தில் போட்டோம். கடன் ஃபைல் என்பது ஒரு குடும்பத்தின் முழுக் கணக்கு. சங்க வேலை என்றாலும் அதை வெளியே காட்ட நமக்கு உரிமை கிடையாது.

படிவத்தை எல்லா உறுப்பினர்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பினோம். ஒன்பது பேர் நிரப்பி அனுப்பினார்கள். அப்புறம் குழுவில் இருந்த ஏழு பேரும் ஆளுக்குப் பத்துப் பேரைப் போனில் பிடித்தோம். அங்கேதான் வேலை நகர்ந்தது. "படிவம் அனுப்பியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைக்காமல், "இப்போதே போன மாதத்து ஃபைல் ஒன்றைத் திறங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் இரண்டு ஃபைல் கிடைத்துவிடும். பொது வேண்டுகோளுக்கு அசையாதவர்கள், தெரிந்த ஒருவர் நேராகக் கேட்டால் செய்கிறார்கள். இன்று யாராவது புதிதாகக் குழுவில் சேர்ந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கருத்துக் கணிப்பு அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், போனை எடுங்கள்.

அறுபதுக்கும் மேற்பட்ட ஃபைல்கள் சேர்ந்தன. கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றில் தொகை மாறியிருந்தது. மதிப்பீடு குறைந்ததுதான் பெரும்பாலும் காரணம். நாங்கள் சொல்லிவந்தது சரிதான் என்று ஆயிற்று. ஆனால் அதே குவியலில், நாங்கள் எதிர்பார்க்காத நான்கு ஃபைல்களும் இருந்தன. வாடிக்கையாளருக்குக் குறைந்த வட்டியில் ஒரு கடன் கிடைத்திருக்கும். தரகர் வேறொரு வங்கியைப் பரிந்துரைத்திருக்கிறார், அங்கே கமிஷன் அதிகம். ஏன் அந்த வங்கி என்று குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. ஆணையம் பயந்தது எதற்கோ அதுவே எங்கள் கையில் இருந்தது.

அந்த நான்கையும் சேர்ப்பதா விடுவதா என்று இரண்டு கூட்டம் விவாதித்தோம். ஒருவர், "எதிராளிக்கு நாமே ஆயுதம் கொடுப்பதா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. சங்கம் உறுப்பினர்களின் சந்தாவில் நடக்கிறது, அவர்களுக்காகப் பேசத்தான் இருக்கிறது. எங்கள் குழுவின் மூத்தவர் அப்போது ஆஸ்திரேலியாவில் நடந்ததை எடுத்து வைத்தார். அங்கே முன்னாள் நீதிபதி கென்னத் ஹெய்ன் தலைமையில் நிதித் துறையை விசாரித்த ராயல் கமிஷனின் (அரசு அமைத்த விசாரணை ஆணையம்) இறுதி அறிக்கை 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. தரகருக்கு வங்கி பணம் தரக்கூடாது, கடன் வாங்குபவரே கட்டணம் தர வேண்டும் என்ற நிலைக்குப் படிப்படியாகப் போக வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. கடன் நடக்கும் காலம் முழுவதும் வரும் தொடர் கமிஷனைப் புதிய கடன்களுக்கு 2020 ஜூலையிலிருந்து தடை செய்வதாக அரசும் முதலில் அறிவித்தது. கிளைகள் அதிகம் இல்லாத சிறு வங்கிகள் தரகர்கள் வழியாகத்தான் வாடிக்கையாளரை அடைகின்றன, தரகர் தொழில் நொறுங்கினால் பெரிய வங்கிகளுக்குத்தான் லாபம் என்ற வாதம் வலுத்தது. 2019 மார்ச்சில் அரசு தடையைக் கைவிட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2021 ஜனவரி 1 முதல், வாடிக்கையாளரின் நலனுக்கு மிகச் சிறந்ததையே தரகர் செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டக் கடமை ஆகிவிட்டது. வங்கி கமிஷனைத் திருப்பி எடுக்கும் காலத்துக்கு இரண்டு ஆண்டு வரம்பு வந்தது, அந்த இழப்பை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்றும் வந்தது.

"கமிஷன் தப்பியது. ஆனால் கேள்வி தப்பவில்லை. யாருக்காக வேலை செய்கிறாய் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நாம் அதை முதலிலேயே சொல்லிவிடுவோம்" என்றார் மூத்தவர். நான்கு ஃபைல்களும் அறிக்கையில் போயின. கூடவே, பரிந்துரைக்கான காரணத்தை ஒவ்வொரு ஃபைலிலும் எழுதி வைப்பதை உறுப்பினர்களின் நடத்தை விதியிலேயே சேர்ப்பதாகவும் எழுதினோம். எதிர்த்தவர் குழுவை விட்டு விலகினார். இரண்டு ஆண்டு கழித்து மாநாட்டுக் குழுவில் மறுபடி சேர்ந்தார், நன்றாகவே வேலை செய்தார்.

இறுதி விதியில் பரிந்துரையின்போது தோராயமான ஒரு வரம்பும், ஒப்புதலின்போது சரியான தொகையும் தந்தால் போதும் என்று மாற்றினார்கள். நடைமுறைக்கு வரக் கூடுதல் காலம் கேட்டிருந்தோம், அது கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு அந்த அலுவலகத்திலிருந்து எங்களைத் தேடிப் போன் வர ஆரம்பித்தது. வரைவு எழுதுவதற்கு முன்பே, "இப்படி ஒன்று யோசிக்கிறோம், உங்கள் ஃபைல்களில் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்கள்.

இன்னொரு கூட்டத்தை நான் மறக்கவே முடியாது. ஒரு வங்கி கமிஷனைக் குறைத்திருந்த சமயம். எல்லோரும் கொதித்துப் போயிருந்தோம். பேச்சுவாக்கில் ஒருவர், "ஒரு மாதம் நாம் யாரும் அந்த வங்கிக்கு ஃபைல் அனுப்பாமல் இருந்தால் தெரிந்துவிடும்" என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சங்கத்தின் செயல் இயக்குநர் உடனே குறுக்கிட்டு, "இந்தப் பேச்சு இங்கேயே நிற்க வேண்டும். நான் இதை எதிர்த்தேன் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதுங்கள்" என்றார். அறை அமைதியாகிவிட்டது.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். தொழில் சங்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் எல்லோரும் வெளியே ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். போட்டியாளர்கள் சேர்ந்து, இன்ன விலைதான் வாங்குவோம், இன்னாரோடு தொழில் செய்ய மாட்டோம் என்று முடிவெடுத்தால் அது சட்ட விரோதக் கூட்டு. அமெரிக்காவில் 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் முதல் பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் வரை, பல நாடுகளில் இதற்குச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, சும்மா பேசினோம் என்பது காப்பாற்றாது. தலையாட்டியதும் சாட்சி ஆகலாம். வங்கி செய்வது நியாயமில்லை என்று சங்கம் கடிதம் எழுதலாம், அரசிடம் முறையிடலாம். ஆனால் யாருக்கு ஃபைல் அனுப்புவது என்பது ஒவ்வொரு தரகரும் தனியாக எடுக்க வேண்டிய முடிவு.

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் போட்டிச் சட்ட எச்சரிக்கையை ஒரு நிமிடம் வாசிக்கிறோம். புதியவர்களுக்கு அது சடங்காகத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும், வாசியுங்கள். கூட்டம் முடிந்து வாசலில் நின்று பேசுவதும், குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதுவதும் இதே கணக்குதான். வாட்ஸ்அப்பில் கமிஷன் விகிதம் பற்றிய செய்தி ஒன்று வந்தபோது அதை நீக்கச் சொல்லாமல், 'இது பற்றி இங்கே பேசக் கூடாது' என்று பதில் எழுதினேன். எதிர்ப்பு பதிவாகியிருக்க வேண்டும் என்பதை அந்தக் கூட்டத்தில்தான் படித்தேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் குழுவில் இருப்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எங்கள் மாநாட்டுச் செலவில் பெரும்பங்கை விளம்பரதாரர்கள் தருகிறார்கள். விளம்பரதாரர்கள் யார்? வங்கிகள். விண்ணப்பங்கள் தாமதமாவது பற்றி நாங்கள் கடுமையாக ஒரு அறிக்கை தயாரித்தபோது, மாநாட்டுக்கு மூன்று மாதம் இருக்கிறது, அதற்கப்புறம் வெளியிடலாமே என்று மாநாட்டுக் குழுவினர் மெல்லக் கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, வரவு செலவை இழுத்துப் பிடிக்க வேண்டியவர்கள். நாங்கள் நிர்வாகக் குழுவிடம் போய், கொள்கை அறிக்கைகளின் தேதியை மாநாட்டுக் குழு தொடக்கூடாது என்று ஒரு தீர்மானம் வாங்கினோம். பிரச்சினை வந்த பிறகு வாங்கியதால் மனக்கசப்பு இருந்தது. குழு அமைக்கும் நாளிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

அறநெறிக் குழுவுக்குப் போன பிறகு தூக்கம் கெட்டது உண்மை. அங்கே வருவது ஒரு மனிதரின் பெயர். என் இரண்டாவது மாதத்தில் வந்த புகார், நான் நன்கு அறிந்த ஒரு தரகர் மீது. எனக்கு நேரமில்லாதபோது வாடிக்கையாளர்களை அவரிடம் அனுப்பியிருக்கிறேன். தலைவரிடம் சொல்லி விலகிக்கொண்டேன். வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள், போதாது. காகிதங்களே நம்மிடம் வரக்கூடாது, கூட்டத்தின் அந்தப் பகுதியில் நாம் அறையில் இருக்கக்கூடாது. நண்பருக்கு மட்டுமல்ல, அதே வட்டாரத்தில் போட்டியிடும் தரகருக்கும் இது பொருந்தும். எங்களிடம் வந்த ஒரு புகாரை எழுதியவர் வாடிக்கையாளர். விசாரித்தபோது, எழுதச் சொன்னவர் அந்தத் தரகரின் போட்டியாளர் என்று தெரிந்தது. புகாரில் இருந்த ஒரு குறை உண்மை, மற்றவை ஊதிப் பெருக்கியவை. உண்மையான குறைக்கு மட்டும் எச்சரிக்கை கொடுத்தோம்.

புகாரை எழுத்தில் வாங்குவது, பதில் சொல்ல உறுப்பினருக்கு உரிய அவகாசம் தருவது, முடிவுக்கான காரணத்தை எழுதித் தருவது, மேல்முறையீட்டை வேறு ஆட்கள் கேட்பது, இவை நான்கும் இல்லாமல் எந்த முடிவும் நிற்காது. சங்கத்தால் எச்சரிக்க முடியும், பயிற்சிக்கு அனுப்ப முடியும், உறுப்பினர் பதவியை நிறுத்தி வைக்கவோ பறிக்கவோ முடியும். லைசென்ஸில் கை வைக்க முடியாது. வருமானச் சான்றைத் திருத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் ஒரு முறை வந்தது. அதை நாங்களே விசாரித்து முடிக்க வேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். வழக்கறிஞரைக் கேட்டு, அதே வாரம் ஆணையத்துக்கு அனுப்பினோம். மோசடி என்று வந்துவிட்டால் தன்னார்வலர்கள் துப்பறியக் கூடாது.

அந்தப் புகார்களிலிருந்து ஒரு நல்லதும் நடந்தது. பெயர்களை எடுத்துவிட்டு, எந்த வகைக் குறை எத்தனை முறை என்று ஆண்டுக்கு இரண்டு முறை கல்விக் குழுவுக்கு ஒரு பக்கம் கொடுத்தோம். கட்டாய வகுப்பு நேரம் என்று ஒன்று வந்துவிட்டால், நேரத்தை நிரப்பினால் போதும் என்ற எண்ணமும் சேர்ந்தே வரும். அமெரிக்காவில் வீட்டுக் கடன் தரகர்களின் லைசென்ஸுக்காக 2008-ல் வந்த சேஃப் சட்டப்படி, லைசென்ஸுக்கு முன் குறைந்தது 20 மணி நேரமும், பிறகு ஆண்டுதோறும் 8 மணி நேரமும் படிக்க வேண்டும். 8 மணி நேரத்தில் 3 சட்டத்துக்கு, 2 அறநெறிக்கு என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். பாடத்தின் பெயரைச் சட்டம் சொல்லிவிடும், உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதை யாராவது யோசிக்க வேண்டுமே. எங்களிடம் அதிகம் வந்த புகார், சுயதொழில் செய்பவரின் வருமானத்தைத் தவறாகக் கணக்கிட்டது. அடுத்த பருவத்தில் அதற்கே முழு வகுப்பு வைத்தார்கள். நான் போன வகுப்புகளில் யாரும் போனைப் பார்க்காத வகுப்பு அதுதான்.

ஆட்கள் நிற்காமல் போவதுதான் எல்லாக் குழுவுக்கும் உள்ள கஷ்டம், எங்கள் தொழிலில் அது வட்டி விகிதத்தோடு ஏறி இறங்குகிறது. 2020, 2021-ல் பல நாடுகளில் வட்டி வரலாறு காணாத அளவு தாழ்ந்தபோது, பழைய கடனை மாற்றிக்கொள்ள வாடிக்கையாளர்கள் அலையாக வந்தார்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பல மாதம் நானும் நள்ளிரவுவரை ஃபைல் பார்த்தேன். 2022-ல் வட்டி ஏறத் தொடங்கியதும் வேலை குறைந்தது, குழுவில் சேரப் புதியவர்கள் வந்தார்கள். சிலர் தொழிலைப் பற்றிய கவலையோடு, சிலர் தொடர்புகள் கிடைக்கும் என்று. எந்தக் காரணமாக இருந்தாலும் வரட்டும், ஆனால் என்ன வேலை, எத்தனை மணி நேரம், எந்தத் தேதிவரை என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

நான் குழுத் தலைவராக இருந்த ஆண்டில் வேலைகளைச் சிறியதாக வெட்டினோம். 'வங்கித் தாமதங்களை ஆராய்வது' என்று ஒருவரிடம் கொடுத்தால் ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும். 'அடுத்த வியாழனுக்குள் ஐந்து தரகர்களிடம், கடைசியாக முடிந்த ஃபைலுக்கு எத்தனை நாள் ஆனது என்று கேட்டு எழுதுங்கள்' என்றால் முடிந்துவிடும். கூட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது என்று உறுதி கொடுத்தோம், காப்பாற்றினோம். கூட்டம் முடிந்த அன்றே, யார் எதை எந்தத் தேதிக்குள் என்று மூன்று நான்கு வரியில் அனுப்பினோம். விரிவான நடவடிக்கைக் குறிப்பு பிறகு வரலாம். இரண்டு மாதம் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒருவர் முன்கூட்டியே சொன்னால் நன்றி சொல்லி அந்த வேலையை வேறொருவருக்கு மாற்றினோம். அப்படிச் சொல்வது கேவலம் என்று நினைத்தவர்கள்தான் சொல்லாமல் காணாமல் போனவர்கள்.

எங்கள் விதிப்படி ஒருவர் ஒரு குழுவில் தொடர்ந்து நான்கு ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. கொள்கைக் குழுவை விட்டபோது, அடுத்து வந்தவரிடம் ஒரு கோப்புறையைக் கொடுத்தேன். அந்த ஒரு பக்கப் படிவம், சமர்ப்பித்த அறிக்கைகள், ஆணையத்தில் எந்த விஷயத்துக்கு எந்தப் பிரிவை அணுகுவது என்ற குறிப்பு, போட்டிச் சட்ட எச்சரிக்கையின் வாசகம் எல்லாம் அதில் இருந்தன. கூடவே, நாங்கள் முயன்று கைவிட்டவற்றை, ஏன் கைவிட்டோம் என்ற காரணத்தோடு இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் அழைத்தார். மற்றவை எல்லாம் தேடினால் கிடைத்திருக்கும், அந்த இரண்டு பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்றார். அதில் மூன்றாவதாக இருப்பதை மறுபடி முயன்று பார்க்கலாமா என்றும் கேட்டார். ஆணையத்தில் இப்போது ஆட்கள் மாறியிருக்கிறார்கள், பாருங்கள் என்றேன்.